ஏழாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை: ஊருக்கு அரங்கமா, விழாவா, அறையா?

எங்கள் ஊர்க் கலையரங்கத்தில் நாடகம் போட முடியுமா என்று கேட்கப் போயிருந்தேன். வாசலில் இருந்த காவலர், "கல்யாண ரிசப்ஷன்னா இப்பவே தேதி சொல்லுங்க சார். நாடகம்னா ஆபீஸ்ல எழுதிக் கேக்கணும்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். 600 நாற்காலிகளில் ஒரு நூறுக்கு முதுகு இல்லை. மேடைக்கு மேலே புறா. திரைச்சீலை பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாடகை ஒரு தொகை, துப்புரவுக்கு ஒரு தொகை, ஜெனரேட்டருக்கு டீசல் நம் பொறுப்பு, மைக் செட் வெளியிலிருந்து. எல்லாவற்றையும் கூட்டினால் எங்கள் குழு ஒரு வருடம் வசூல் செய்கிற பணம் ஒரே மாலையில் காலி. முகூர்த்த நாளாக இருந்தால் அதுவும் கிடைக்காது.

ஊர்ப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு லட்சம் பேர் வாழ்கிற எந்த ஊரை வைத்துப் படித்தாலும் பொருந்தும்.

இப்போது எங்கள் பேருந்து நிலையம் புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. பழைய இடம் சும்மா கிடக்கிறது. அங்கே கலை, இலக்கியத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு கிளம்பி, சுமார் 5 கோடி ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, எங்களைப் போன்ற நாலைந்து அமைப்புகளிடம் கருத்துக் கேட்டார்கள். மூன்று யோசனைகள் வந்தன. ஆயிரம் பேர் உட்காரும் குளிர்சாதன அரங்கம் கட்டுவது. வருடத்துக்குப் பத்து நாள் கலைவிழா நடத்துவது. மூன்றாவது, பழைய நிலையத்துக் கடைகளில் சிலவற்றையும் வார்டுகளில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களையும் பழுதுபார்த்துச் சின்னச் சின்ன அறைகளாக்குவது. அவற்றில் சொல்லித்தர ஆள், படிக்கப் புத்தகம், ஒத்திகை பார்க்க இடம். மூன்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. அங்கே இரண்டு பக்கத்தில் கொடுத்ததை இங்கே கொஞ்சம் காலை நீட்டி எழுதுகிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. எத்தனை பேர் வருவார்கள், ஊருக்கு எவ்வளவு பெயர் கிடைக்கும் என்பதெல்லாம் முதல் வருடத்தை வைத்துப் போடுகிற கணக்கு. முதல் வருடம் எதைச் செய்தாலும் நன்றாகத்தான் இருக்கும். நான் ஏழாவது வருடத்தை எடுத்துக்கொண்டேன். அதற்குள் திறந்து வைத்த கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்திருக்கும், ஆட்சியர் இரண்டு மூன்று பேர் மாறியிருப்பார்கள், ஏசிக்கான வாரண்டி தீர்ந்திருக்கும். அந்த வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏன் செவ்வாய் என்றால், 'செவ்வாய் வெறுவாய்' என்று நம் ஆட்கள் நல்ல காரியம் எதுவும் வைக்காத நாள் அது. ரிசப்ஷன் இருக்காது. அன்று மாலை அந்த இடத்தில் விளக்கு எரிந்தால் கலைக்காக மட்டுமே எரியும். அந்த விளக்குக்கு மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள்? இந்த ஒரு கேள்வியை மூன்றிடமும் கேட்டுப் பார்த்தேன்.

அரங்கம்

பெரிய கட்டடம் வேண்டும் என்பவர்கள் கடைசியில் பில்பாவோவில் போய் நிற்பார்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் கைப்பேசியில் படம் காட்டினார். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் துறைமுக ஊர். எஃகும் கப்பல் கட்டுவதும் நொடித்துப்போய் வேலையில்லாமல் கிடந்தது. 1997 அக்டோபரில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. டைட்டானியத் தகடு போர்த்திய அந்தக் கட்டடத்தைப் பார்க்க, மூன்றரை லட்சம் பேர் வாழும் ஊருக்கு இன்று வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். இது உண்மை. ஆனால் படம் காட்டுகிறவர்கள் மீதிக் கதையைச் சொல்வதில்லை. அருங்காட்சியகத்துக்கு முன்பே, 1995-இல், அங்கே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. சாக்கடையாக இருந்த நெர்வியோன் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை எண்பதுகளிலேயே தொடங்கியது. பாஸ்க் அரசு கட்டடத்துக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியதோடு நிற்கவில்லை. கலைப்பொருள் வாங்க 5 கோடி டாலர் தனியாக வைத்தது, அருங்காட்சியகத்தின் ஆண்டுச் செலவான 1.2 கோடி டாலருக்கு மானியம் தருவதாகவும் ஒப்புக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மின்கட்டணத்துக்கான ஆள் யார் என்பது அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவாகிவிட்டது.

அதே நாட்டில், வடமேற்குக் கோடியில், சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா என்ற ஊர். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். பில்பாவோ செய்ததை நாமும் செய்வோம் என்று மலைமேல் 'கலாசார நகரம்' கட்ட 2001-இல் இறங்கினார்கள். பீட்டர் ஐசன்மான் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்தான் வரைந்தார். செலவு முதல் மதிப்பீட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஆறு கட்டடங்களில் இரண்டைக் கட்டாமலேயே 2013-இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரன் மாடி வைத்தான் என்று நாமும் கம்பி நீட்டிவிட்டு, அந்தக் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அதேதான்.

நம் பக்கம் வருவோம். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. 2011-இல் ஆட்சி மாறியது. நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் தடை கொடுத்து, அது நூலகமாகவே நின்றது. இன்று ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உட்கார இடம் போதவில்லை. ஆக, கட்டடம் பிழைக்காது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கட்டடம் யாராவது ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயரோடு சேர்ந்து அதற்கும் ஏற்ற இறக்கம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்கு அருகே இந்திய உதவியில் 11 மாடிக் கலாசார மையம் எழுந்தது. 2023 பிப்ரவரியில் மக்களுக்கென்று ஒப்படைத்தார்கள். கட்டி முடித்த பிறகு அங்கே ஓடிய பெரிய பேச்சு, மாநகர சபையால் இதைப் பராமரிக்க முடியுமா என்பதுதான்.

சரி, எங்கள் ஊர் அரங்கத்துக்குக் கணக்கு போடுவோம். குளிர்சாதனத்துக்காக வாங்கும் மின்சுமைக்கு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதாமாதம் நிலைக் கட்டணம் உண்டு. காவலர் இருவர், துப்புரவு, ஒலி ஒளி பார்க்க ஒருவர், தீயணைப்புச் சான்று, லிஃப்ட் பராமரிப்பு, பெயின்ட். வருடத்துக்கு 30 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 60 நாள் வாடகைக்குப் போனால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் வந்தால்தான் கையைக் கடிக்காது. எங்கள் ஊரில் ஒரு மாலைக்கு 50,000 கொடுக்க யாரால் முடியும்? நகைக்கடை விளம்பர நிகழ்ச்சி, கட்சிக் கூட்டம், கல்யாண வரவேற்பு. நாடகக் குழுவும் பறையாட்டக் குழுவும் கிட்டே வர முடியாது. அரங்கம் கல்யாண மண்டபமாவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. கணக்கே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அப்படியும் ஏன் எல்லா ஊரும் அரங்கத்தையே கேட்கிறது? திட்டப் பணம் என்று வருவது பெரும்பாலும் கட்டுவதற்குத்தான் வரும், சம்பளத்துக்கு வராது. ஒப்பந்தம் விடலாம், வேலை நடப்பதைப் படம் எடுக்கலாம், முடிந்ததும் ரிப்பன் வெட்டலாம். ஒரு தவில் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்கு ரிப்பன் எங்கே கட்டுவது?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் மேடையே இல்லையென்றால் அது பெரிய குறை. பள்ளி ஆண்டு விழாவைக்கூடக் கல்யாண மண்டபத்தில் வைக்கிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே அரங்கம் முதல் தேவையாக இருக்கலாம். எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, புறாவோடு.

விழா

விழாவுக்கு நான் விரோதி இல்லை. 2007 பொங்கலுக்குச் சென்னை சங்கமம் முதன்முதலாக நடந்தபோது பூங்காவிலும் கடற்கரையிலும் தெருமுனையிலும் கரகமும் தேவராட்டமும் கூத்தும் பார்த்தவர்களில் நானும் ஒருவன். தி.நகரில் காய்கறிப் பையோடு நின்று ஒயிலாட்டம் பார்த்த ஓர் அம்மா இன்னும் கண்ணில் நிற்கிறார். பஸ் வந்தது, போனது, அவர் ஏறவில்லை. இதை எந்த அரங்கமும் செய்யாது, ஏனென்றால் அந்த அம்மா அரங்கத்துக்கு வரமாட்டார்.

ஆனால் 2011-க்குப் பிறகு அது நின்றுபோனது. மறுபடி 2023 பொங்கலுக்குத்தான் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு வந்தது. நடுவில் 12 வருடம். முதல் விழாவில் பத்து வயதில் ஆடிய பிள்ளைக்கு மறுபடி மேடை வந்தபோது 26 வயது. அதற்குள் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருக்க மாட்டாரா?

ஈரோட்டில் வேறு கதை. 2005-இல் மக்கள் சிந்தனைப் பேரவை என்ற அமைப்பு தொடங்கிய புத்தகத் திருவிழா, ஆகஸ்ட் வந்தால் ஈரோடு என்று வாசகர்கள் நாள் குறித்து வைக்கும் அளவுக்கு வேர்விட்டுவிட்டது. சாயங்காலப் பேச்சைக் கேட்கக் குடும்பத்தோடு வந்து, போகும்போது பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிப்போவது அந்த ஊருக்குப் பழக்கமாகிவிட்டது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நடந்தது. 2022-க்குப் பிறகு அரசே மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடத்துகிறது. நல்லதுதான், எங்கள் ஊரிலும் நடக்கிறது. ஆனால் அதற்குக் கூட்டம் வருவது, அந்த வருட ஆட்சியருக்குப் புத்தகத்தில் எவ்வளவு ஆர்வம் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஈரோட்டுக்காரர்கள் இதற்காக யார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

வெளிநாட்டில் விழாவுக்குப் பெயர் போன ஊர் எடின்பரோ. 1947-இல் சர்வதேச விழா தொடங்கியபோது அழைப்பில்லாமலே எட்டு நாடகக் குழுக்கள் போய் ஓரமாக ஆடின. அதுதான் 'ஃபிரிஞ்ச்' ஆகி, தாய் விழாவைவிடப் பெரிதாகிவிட்டது. யாரும் அதற்கென்று அரங்கம் கட்டித் தரவில்லை. சர்ச் மண்டபம், பள்ளிக்கூடம், மதுக்கடையின் பின்னறை என்று இருந்த இடங்களில் ஆடினார்கள். ஊர் நிறைய சின்ன இடங்கள் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்த விழா வளர்ந்தது. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். இப்போது அங்கே வேறு தலைவலி: ஆகஸ்டில் தங்கும் அறை வாடகை ஏறிப்போய், ஆட வருகிற இளைஞர்களே கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறார்கள்.

இத்தனை தூரம் போக வேண்டியதில்லை. விழாவை வருடக்கணக்கில் தாங்குவது எப்படி என்று நம் கிராமங்களைக் கேட்டாலே போதும். செஞ்சி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, முடிவில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்துக்கிடக்கும் படுகளம், அப்புறம் தீமிதி. இதற்குப் பணம் தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள். மழை பொய்த்த வருடம் தொகை குறையும், கூத்து நாளும் குறையும். ஆனால் யாரோ ஒருவர் பதவி இழந்தார் என்பதற்காக நிற்காது. கோயில் திருவிழாக்களில் மண்டகப்படி என்று இருக்கிறதே, அதுவும் இதே சூட்சுமம்தான். ஒரு நாள் செலவை ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு குடும்பம் ஏற்கும். பாரம் பத்துத் தோளில் இருப்பதால் ஒரு தோள் விலகினாலும் பல்லக்கு கீழே விழாது. (மண்டகப்படியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதில் சாதி எப்படிப் புகுந்து விளையாடும் என்பதும் தெரிந்ததே. முறையை எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கழிவு வேண்டாம்.)

செவ்வாய்க்கிழமைச் சோதனையில் விழா எடுத்த எடுப்பிலேயே தோற்கும். வருடத்தில் 355 நாள் அது இல்லை. வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் சாப்பாடு போட்டால் பிள்ளை வளராது. கலைஞருக்கும் அப்படித்தான். விழா நாளில் நல்ல சம்பளம், சால்வை, செல்ஃபி. மாசி வந்தால் மறுபடி கட்டட வேலை.

அறை

தவில் வகுப்பு ஒன்றைப் பார்த்ததிலிருந்துதான் இந்தப் பக்கம் சாய்ந்தேன். எங்கள் ஊரிலிருந்து இருபது நிமிடத்தில் ஒரு சின்ன ஊர். பழைய சாவடி ஒன்றில் சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்தது. பதினோரு பிள்ளைகள், அதில் மூன்று பெண் குழந்தைகள். தவில் மொத்தமே இரண்டு. முறை வந்த பையன் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் பூவரசங்கழியோடு உட்கார, மற்றவர்கள் பெஞ்சுப் பலகையில் தட்டிக்கொண்டே சொற்கட்டைச் சத்தமாகச் சொன்னார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்குக் கூடு பெரிதாக இருந்து ஒவ்வொரு அடிக்கும் கழன்று விழுந்தது. அவள் அதைப் பொறுக்கிப் பொறுக்கி மாட்டிக்கொண்டு விடாமல் அடித்தாள். ஆசிரியர் ஒரு கோயிலில் வாசித்து ஓய்வு பெற்றவர். அன்றைக்குக் கிழமை செவ்வாய் என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.

அவருக்குச் சம்பளம் எப்படி என்று கேட்டேன். கடைத்தெருவில் 12 கடைக்காரர்கள், மாதத்துக்கு ஒருவர். சித்திரை மளிகைக் கடை, வைகாசி உரக் கடை, இப்படிப் போகிறது. மின்கட்டணம் எந்த மாதம் யார் முறையோ அவர் தலையில். எட்டு வருடமாக நடக்கிறதாம். மண்டகப்படிதான், சாமிக்குப் பதிலாகத் தவிலுக்கு.

இப்படி ஒரு சின்ன, நிற்காத வருமானத்தைக் கலைக்கு ஒதுக்கி வைப்பது பழைய யோசனை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசினால் எல்லோரும் விமானத்தின் உயரத்தைத்தான் பேசுவோம். எனக்கு அங்கே பிடித்தது சுவரில் இருக்கும் கணக்கு. கோயிலில் ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்காக வருடத்துக்கு 100 கலம் நெல் என்று ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். நட்டுவனாருக்கும் மத்தளக்காரருக்கும்கூடப் பங்கு எவ்வளவு என்று இருக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம், ஒருவர் இறந்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் அடுத்த உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெற வேண்டும்; அவர் தகுதியில்லாதவர் என்றால் தகுதியான வேறு ஒருவரை வைக்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்பது தனிக் கேள்வி. அரசன் உத்தரவில் இடம் மாறியவர்கள் அவர்கள். ஆனால் கோயில் கட்டியவனுக்கு, உள்ளே ஆட்டமும் பாட்டும் நடக்க நெல் வேண்டும் என்பது மறக்கவில்லை.

நவீன நெல்லும் நம்மிடம் உண்டு. உங்கள் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள்; நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயன் அது. நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருடம் அலைந்து கொண்டுவர வைத்தது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இன்றும் திறந்திருப்பதற்கு அந்தப் பைசா ஒரு பெரிய காரணம். வசூலித்த வரியை நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது அவ்வப்போது செய்தியாகும். அது வேறு துக்கம். கேரளத்திலும் கட்டட வரியில் ரூபாய்க்கு 5 பைசா இருக்கிறது. அங்கே கூடுதலாக ஒன்று: 1945-இல் பி.என். பணிக்கர் முன்னின்று சேர்த்த வாசகசாலைகளின் வழிவந்தவை அங்குள்ள ஊர் நூலகங்கள். உறுப்பினர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், நூலக கவுன்சில் தரம் பார்த்து மானியம் தரும். நாடகமும் கேரம் போர்டும் கவிதை வாசிப்பும் அதே கூரையில். கையில் பணம் கொடுத்துவிட்டுக் காரியத்தை ஊரிடமே விட்டது பலித்தது.

இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் பிரேசில். அங்கே வணிக, சேவை நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதத்தை 'செஸ்க்' என்ற அமைப்புக்குக் கட்ட வேண்டும். 1946-லிருந்து இந்த ஏற்பாடு. அந்தப் பணத்தில் சாவோ பாவ்லோவில் மூடிக்கிடந்த ஒரு பீப்பாய்த் தொழிற்சாலையை வாங்கினார்கள். வடிவமைக்க வந்த லீனா போ பார்தி போய்ப் பார்த்தபோது, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்து பிள்ளைகளை விளையாட விட்டுக்கொண்டிருந்தன. அவர் கட்டடத்தை இடிக்க மறுத்தார். 1982-இல் அதே செங்கல் கொட்டகைக்குள் நூலகமும் நாடக மேடையும் பட்டறைகளும் மலிவுச் சாப்பாட்டுக் கூடமும் திறந்தன. செஸ்க் பொம்பேயா இன்றும் நடக்கிறது. பழைய கட்டடம், நிற்காத பணம், ஏற்கெனவே வந்து போகிற ஆட்கள்: மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை.

அறையில் குறையே இல்லையா? நிறைய. முதல் குறை, யாருக்கும் அது தெரியாது. எட்டு அறையில் எண்பது பிள்ளைகள் கற்பது நாளிதழில் நாலு வரிக்குக்கூடத் தேறாது. இரண்டாவது, ஆள் நியமனம். கவுன்சிலர் வீட்டு உறவினர் ஒருவர் திடீரென்று யோகா ஆசிரியராகிவிடுவார். மூன்றாவது, சாவி. எந்தப் பொது அறையும் கடைசியில் சாவி வைத்திருப்பவரின் சொந்த அறையாகிவிடும். படிப்பகம் என்ற பெயரில் பூட்டிக் கிடக்கும் எத்தனை அறைகளைப் பார்த்திருக்கிறோம்! நாலாவது, பிள்ளைகள் கற்றுக்கொண்டு எங்கே போவது? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள் உண்டு. மூன்று வருடம் படித்து முடித்துவிட்டு மேடை கிடைக்காமல் நிற்கிறவர்கள் அதில் நிறையப் பேர். ஆகவே அறை மட்டும் போதாது, கடைசியில் ஒரு மேடை வேண்டும் என்பதும் உண்மை.

கூட்டத்தில் நாலாவதாக ஒரு குரலும் எழுந்தது: "அரசாங்கம் எதற்கு? மார்கழி சீசன் தானாக நடக்கவில்லையா?" நடக்கிறதுதான். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து அடுத்த வருடம் மியூசிக் அகாடமி பிறந்தது. அதற்கும் முன்பே திருவல்லிக்கேணியில் சபா இருந்தது. சந்தா, டிக்கெட், விளம்பரதாரர், கேன்டீன் என்று நூறு வருடமாக ஓடுகிறது. 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரம் என்று பட்டியலில் சேர்த்ததற்கும் இது ஒரு காரணம். கீரை வடைக்காகவே போகிறவர்களும் உண்டு, அதிலும் தப்பில்லை. ஆனால் அது ஒரு வட்டத்துக்குள் செழித்தது. 2015-இல் சென்னையின் மீனவர் பகுதியான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரை மணலில் கர்நாடக இசையையும் பறையையும் கூத்தையும் ஒரே மேடையில் ஏற்றியபோது எழுந்த சலசலப்பே அந்த வட்டத்தின் அளவைச் சொல்லிவிட்டது. அந்த வட்டம்கூட இல்லாத எங்கள் ஊரில் தானாக நடக்கட்டும் என்று விட்டால், தானாக நடப்பது டிவி சீரியல்தான்.

நான் எழுதிக் கொடுத்தது

முதலில் புறாவை விரட்டுவோம். இருக்கிற அரங்கத்தைப் பழுதுபார்க்க ஒரு பங்கு: நாற்காலி, திரை, மின்கம்பி, ஒலி அமைப்பு. ஏசி வேண்டாம், உயர்ந்த கூரை இருக்கிறது, காற்றுப் போக்கி வைத்தால் போதும். செவ்வாய் முதல் வியாழன் வரை உள்ளூர்க் குழுக்களுக்குத் துப்புரவுச் செலவு மட்டும். முகூர்த்த நாள் ரிசப்ஷன் தாராளமாக நடக்கட்டும். அந்த வாடகைதான் மற்ற நாளைத் தாங்கும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது, ரிசப்ஷனைத்தான் திட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

அடுத்து அறைகள். பழைய நிலையத்தில் 34 கடைகள். 14 கடைகளின் நடுச்சுவரை எடுத்தால் நாலு அறை தேறும். பூட்டிய பள்ளிகளில் நாலு. மொத்தம் எட்டு. ஒரு அறைக்கு ஆசிரியர் மதிப்பூதியமும் மின்சாரமும் சில்லறைச் செலவும் சேர்த்து மாதம் 20,000 என்று போட்டேன், எட்டுக்கு 1,60,000. மிச்சம் 20 கடைகள். மாதம் 8,000 வாடகை வந்தால் அதே 1,60,000. இந்த வாடகை பொதுக்கணக்கில் கலக்காமல் தனிக்கணக்கில் விழ வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும். இது நடந்தால்தான் மற்றதெல்லாம். நடக்காவிட்டால் என் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிடலாம். 5 கோடியை வங்கியில் போட்டு வட்டியில் நடத்தலாமே என்று ஒருவர் கேட்டார். 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 35 லட்சம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திட்டப் பணத்தை வைப்பில் போட விடமாட்டார்கள். விட்டாலும் வட்டி முழுவதையும் செலவழித்தால், விலைவாசி ஏற ஏற அந்த 35 லட்சம் வருடாவருடம் சுருங்கிக்கொண்டே போகும். கடை வாடகை அப்படியில்லை, ஏலத்துக்கு ஏலம் கொஞ்சம் ஏறும்.

விழா வேண்டும், ஆனால் மூன்றாவது வருடத்தில். அதற்குள் அறைகளில் கற்ற பிள்ளைகள் மேடையேறும் அளவுக்கு வந்திருப்பார்கள். வெளியூர்க் குழுக்களும் வரட்டும், பாதி நேரம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. செலவு வார்டுக்கு ஒரு நாள் மண்டகப்படி. பத்து நாள் வேண்டாம், நாலு நாள் போதும். தாங்குகிற அளவு தெரிந்தபின் நீட்டிக்கொள்ளலாம்.

ஆயிரம் இருக்கை அரங்கத்தை நான் அடியோடு மறுக்கவில்லை. பழைய அரங்கில் வருடத்துக்கு நூறு மாலை கலைக்காக நிரம்பினால், அன்றைக்குப் பெரிய அரங்கம் பற்றி யோசிக்கலாம் என்று எழுதினேன். இந்த வரியைப் படித்ததும் இரண்டு பேர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள்.

கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு பெரியவர் கேட்டார், "எல்லாம் சரிங்க தம்பி. இதுல கல்வெட்டு எங்க வைக்கிறது? தெறந்து வைக்க ஆளைக் கூப்பிடணுமே." கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையான கவலை. கல்வெட்டு இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்து வாங்குவது எவ்வளவு சிரமம் என்று அவருக்குத் தெரியும்.

கல்வெட்டு தாராளமாக வைக்கலாம் ஐயா என்றேன். நிலையத்து முகப்பிலேயே, பளிங்கிலேயே. திறந்து வைத்தவர் பெயரைப் பெரிதாகப் போடட்டும். அதற்குக் கீழே ராஜராஜன் செய்த மாதிரி, 1-ஆம் எண் கடை வாடகை எந்த அறைக்கு, 2-ஆம் எண் கடை வாடகை எந்த அறைக்கு என்று இருபது வரியையும் வெட்டிவிடச் சொல்லுங்கள்.